மருந்துப் போத்தலுக்கு முன் தண்ணீர்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கென முன்வைக்கப்படும் சிறு தொழில்களுள் அலங்கார மீன் வளர்ப்பும் ஒன்று. இதற்கு வயற்காணி வேண்டியதில்லை. இரவல் வளவின் ஓர் ஓரத்தில், கிடுகுப் பந்தலின் கீழ், இரண்டு சீமெந்துத் தொட்டிகள் இருந்தால் தொடங்கிவிடலாம். கப்பி, மொலி, பிளற்றி, வாள்வால் ஆகிய குட்டி போடும் மீன்கள் வடபகுதியின் சுண்ணாம்புக் கிணற்று நீருக்கு நன்கு ஒத்துப்போகின்றன. இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களுள் கப்பியே முன்னிற்கின்றது. ஆகவே இத்தொழிலைத் தெரிந்தெடுத்ததில் தவறில்லை.

தவறு வேறிடத்தில் உள்ளது. தொட்டி கொடுக்கப்படுகின்றது, மீன் கொடுக்கப்படுகின்றது, தீனும் கொடுக்கப்படுகின்றது. மீன் நோயுற்றால் என்ன செய்வது என்ற அறிவு மட்டும் பல இடங்களில் கொடுக்கப்படுவதில்லை. ஒரு காலை எழுந்து பார்க்கும்போது இருபது மீன்கள் மிதக்கின்றன. வீட்டுக்காரர் கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் நீல மருந்து ஒன்றும் பச்சை மருந்து ஒன்றும் கொடுக்கிறார். அயலவர் மருந்துக்கடைக் குளிசையை உடைத்துக் கொட்டச் சொல்கிறார். மூன்றும் தொட்டிக்குள் போகின்றன. மறுநாள் மிகுதி மீன்களும் மிதக்கின்றன. கடன் மட்டும் மிஞ்சுகின்றது.

வீட்டுத் தொட்டிகளில் நேரும் மீன் இறப்புகளில் பெரும்பகுதி தண்ணீரில் தொடங்குகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. தண்ணீரைச் சீர்செய்யாமல் மருந்து இடுவது, வடிகால் இல்லாத வயலில் அழுகும் பயிருக்குப் பசளை போடுவதற்கு ஒப்பானது.

கமக்காரரின் கண்

மீன் நோயை அறிவது படித்தவர்களின் வேலை என்று எம்மவர் பலர் எண்ணி ஒதுங்குகின்றனர். இது தேவையற்ற தாழ்வு மனப்பான்மை. பசு அசைபோடாமல் தலை தாழ்த்தி நின்றால் அதற்குச் சுகமில்லை என்பதைப் புத்தகம் பார்த்தா அறிந்தீர்கள்? மிளகாய் இலை சுருண்டால் அதன் கீழ்ப்புறத்தைத் திருப்பிப் பார்க்க யார் சொல்லித் தந்தார்கள்? அதே கண்ணே இங்கும் போதுமானது. அதைத் தொட்டிப் பக்கம் திருப்புவதுதான் வேலை.

காலையில் தீன் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் தொட்டியருகே நில்லுங்கள். சுகமான மீன் செட்டைகளை விரித்து நீந்தும்; ஆளைக் கண்டதும் தீனுக்கு ஓடிவரும். செட்டைகளை உடலோடு ஒட்டி வைத்திருத்தல், மூலையில் ஒதுங்குதல், கல்லிலும் சுவரிலும் உடலை உரசுதல், மேற்பரப்பில் வாய் பிளந்து மூச்சு வாங்குதல், தீனை வாயில் எடுத்துத் துப்புதல் என்பன முதல் அறிகுறிகள். புள்ளியும் புண்ணும் பின்னர்தான் வரும். முதல் அறிகுறியிலேயே கண்டுகொண்டால் மீனைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

எல்லாம் ஒன்றாகவா, ஒவ்வொன்றாகவா?

மீன்கள் வாடிக் கண்டால் உங்களை நீங்களே கேட்க வேண்டிய முதற் கேள்வி இது. தொட்டியிலுள்ள எல்லா மீன்களும் ஒரே நாளில், ஒரே விதமாகத் தவித்தால் பெரும்பாலும் தண்ணீரே காரணம். ஒன்று இன்று, இரண்டு நாளை மறுதினம் என்று ஒவ்வொன்றாக வாடி, உடலில் அடையாளமும் தெரிந்தால் அது பெரும்பாலும் தொற்றுநோய். இந்தப் பிரிப்பு நூற்றுக்கு நூறு சரியென்று சொல்ல முடியாது. ஆயினும் பாதி மருந்துச் செலவை இது மிச்சப்படுத்தும்.

எல்லா மீன்களும் தவித்தால், முந்திய இரண்டு நாட்களில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பவுசர் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ நேரே ஊற்றினீர்களா? அதிலுள்ள குளோரீன் மீனின் செவுளை, அதாவது நாம் பூ என்று சொல்வதை, எரித்துவிடும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்த பின்னரே அதனை ஊற்ற வேண்டும். வெள்ளத்தின் பின் கிணறுகளுக்குக் குளோரீன் இடுவது வழக்கம். இரவல் கிணற்றில் அள்ளுபவர்கள் இதனைக் கிணற்றுக்காரரிடம் கேட்டறிவது நல்லது. பூச்சிமருந்து கரைத்த வாளியால் தொட்டிக்குத் தண்ணீர் அள்ளினீர்களா? அயல் தோட்டத்தில் மருந்து தெளித்தார்களா? நுளம்புக்குப் புகை அடித்தார்களா? மனிதருக்கு மணம்கூடத் தெரியாத சிறு அளவு மருந்து மீனைக் கொல்லப் போதும். மீன் வாளியும் தோட்ட வாளியும் என்றும் வேறு வேறாக இருக்க வேண்டும். புதிய சீமெந்துத் தொட்டியா? அதிலிருந்து சுண்ணாம்பு கசியும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று வாரம் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்னரே மீன் விட வேண்டும்.

விடியற்காலையில் மாத்திரம் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கினால் அது ஒட்சிசன் குறைவு. பாசி பிடித்துப் பச்சையான நீரில், பகலில் ஒட்சிசனைத் தரும் பாசியே இரவில் அதை எடுத்துக்கொள்கின்றது. நீர் சூடேறினால் அது தாங்கும் ஒட்சிசனும் குறையும். தகரக் கூரையின் கீழ் வைத்த தொட்டிகளில் இந்த இடர் அதிகம். பந்தல் நிழலும், மீன் தொகையைக் குறைப்பதும், ஒரு சிறு காற்றூட்டியும் இதற்கு மருந்தாகும். வடிகட்டி இல்லாத தொட்டியில் வளர்ந்த கப்பி ஒன்றுக்கு இரண்டு லீற்றர் நீராவது இருக்கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

தண்ணீர் கண்ணாடி போல் தெளிவாக இருக்கின்றதே, அதில் என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. மீன் தன் கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகின்றது. மிஞ்சிய தீன் அழுகினாலும் அமோனியா உண்டாகும். அதற்கு நிறமில்லை. கல்லிலும் பஞ்சிலும் தொட்டிச் சுவரிலும் ஒட்டி வாழும் நல்ல பக்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீமை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். கொடுத்த மீன்கள் அனைத்தையும் முதல் நாளே புதிய தொட்டியில் விட்ட வீடுகளில் இரண்டாம் வாரத்தில் சாவு வருவது இதனாலேயே.

எமது பகுதிக்கு இதில் ஒரு சிறப்பான ஆபத்து உண்டு. அமோனியா காரநீரில் நஞ்சாவது அதிகம். பி.எச். அளவு 7 இலிருந்து 8 ஆக ஏறும்போது அதன் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகின்றது. சுண்ணாம்புக் கிணற்று நீர் காரத்தன்மை கொண்டது. குட்டி போடும் மீனுக்கு இந்த நீர் உகந்ததுதான், ஆனால் அழுக்கைச் சேரவிட்டால் இதே நீர் இரக்கம் காட்டாது.

இங்கு செய்ய வேண்டியது எளிது. தீனை இரண்டு நாள் நிறுத்துங்கள். வளர்ந்த மீன் பட்டினியால் சாகாது. அடித்தண்ணீரில் காற்பங்கை இழுத்து அகற்றி, அதே சூட்டில் உள்ள நல்ல நீரை விடுங்கள். மறுநாளும் அவ்வாறே செய்யுங்கள். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றிச் சுவரையும் கல்லையும் தேய்த்துக் கழுவினால் நல்ல பக்றீரியாவும் போய்விடும். நைத்திரைற்று கூடியிருந்தால் சிறிதளவு கறியுப்பும் மீனைக் காக்கும்.

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்த நாள்முதல் எத்தனை வீடு மாறினோம் என்று கணக்கிட முடியாத குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. மறுபடியும் இடம் மாற நேர்ந்தால், மீனோடு பழைய கல்லையும் பஞ்சையும் தொட்டித் தண்ணீரில் நனைத்தபடியே கொண்டு போங்கள். காயவிட்டால் பயனில்லை. ஈரமாகச் சென்ற பழைய பஞ்சு, புதிய தொட்டியில் பல வாரக் காத்திருப்பைக் குறைத்துவிடும்.

உடலில் தெரியும் நோய்கள்

தொற்றுநோய்களுள் அதிகம் காணப்படுவது வெள்ளைப்புள்ளி நோய். உடலிலும் செட்டையிலும் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றும், மீன் உரசிக்கொள்ளும். மார்கழி, தை மாதக் குளிரிலும், புது மீன் கொண்டுவந்த பின்னும் இது தலைகாட்டும். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஓர் ஒட்டுண்ணி தோலின் கீழ் இருந்து வளர்கின்றது. வளர்ந்ததும் கீழே விழுந்து, தொட்டி அடியில் உறை கட்டி, நூற்றுக்கணக்காகப் பிரிகின்றது. அந்தக் குஞ்சுகள் நீந்திச் சென்று மீனைப் பிடிக்கின்றன. எமது வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

இதில் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. தோலின் கீழ் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதனை எட்டாது. நீந்தித் திரியும் பருவத்தில் மாத்திரமே கொல்ல முடியும். ஒருமுறை மருந்திட்டதும் புள்ளி மறைகின்றது, நோய் தீர்ந்தது என்று விட்டுவிடுகின்றோம். அடுத்த வாரம் பத்து மடங்காகத் திரும்புகின்றது. கடை மருந்தைக் குறை சொல்வதற்கு முன் இதனை அறிந்திருக்க வேண்டும்.

குட்டி போடும் மீன்களுக்கு இந்நோயில் உப்பே முதல் மருந்து. தொட்டியின் நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000 ஆல் பிரித்தால் லீற்றர் கணக்கு வரும். லீற்றருக்கு 3 கிராம் உப்பு இடலாம். 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் அரை மீற்றர் நீராழமும் உள்ள தொட்டி 1000 லீற்றர் கொள்ளும். அதற்கு 3 கிலோ கல்லுப்பு தேவை. அதனை மூன்று பங்காக்கி, கரைத்து, ஒன்றரை நாளுக்குள் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். இரண்டு வாரம் அப்படியே வைத்து, அடித்தண்ணீரைக் குழாயால் இழுத்து அகற்றி, அகற்றிய நீரின் அளவுக்கு மாத்திரம் உப்பை ஈடு செய்யுங்கள். கெளிறு இன மீன்களும் நீர்த்தாவரங்களும் இந்த உப்பைத் தாங்கமாட்டா. அவற்றை உப்பிடாத வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அப்பாத்திரத்து நீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

பொன்தூள் படிந்தாற்போல் மினுங்கினால் அது வேறோர் ஒட்டுண்ணி. அது செடியைப் போல் வெளிச்சத்திலும் உணவு பெறுவது. தொட்டியைச் சாக்கால் மூடி இருட்டாக்கினால் அது நலியும், உப்பும் உதவும்.

வாயோரத்திலும் முதுகிலும் பஞ்சு போல் சாம்பல் வெள்ளைப் படலம் தோன்றி, இரண்டு மூன்று நாளில் மீன்கள் இறந்தால் அதனைப் பூஞ்சணம் என்று எண்ணுவது வழக்கம். கப்பித் தொட்டிகளில் இது பெரும்பாலும் பக்றீரியா நோய். நெருக்கமும் அழுக்கும் சூடும் இதற்குத் துணை. வெள்ளைப்புள்ளி நோய்க்கு நீரைச் சூடாக்குவது உதவும்; இந்நோயில் அதே செயல் சாவை விரைவுபடுத்தும். ஆகவே புள்ளியா படலமா என்று வெளிச்சத்தில் நின்று பார்த்துத் தெளிந்த பின்னரே கை வையுங்கள். செட்டை ஓரம் கந்தலாகி அழுகுவதும் பெரும்பாலும் அழுக்கு நீரின் விளைவே. தொடக்கத்தில் தண்ணீர் மாற்றமும் உப்பும் போதும்.

வயிறு வீங்கிச் செதில்கள் அன்னாசிப்பழத் தோல் போல் எழுந்து நின்றால் அம்மீன் பிழைப்பது அரிது. கழிவு வாயிலில் சிவப்பு நூல் போல் தொங்கினால் அது குடற்புழு. மாட்டுக்குக் கொடுக்கும் பூச்சிமருந்துகளுள் லெவமிசோல் இதற்கும் பயன்படுகின்றது. அளவை மிருக வைத்தியரிடம் கேட்டே இடவேண்டும். நன்றாக உண்டும் மெலிந்து, முள்ளந்தண்டு வளைந்து, புண் வைத்து ஒவ்வொன்றாக இறந்தால் மீன் காசநோயாக இருக்கலாம். இதற்கு வீட்டில் செய்யத்தக்க மருந்து இல்லை. இக்கிருமி மனிதரின் கைக்காயம் வழியாகப் புகுந்து ஆறாத தோல் புண்ணை உண்டாக்கும். கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டிக்குள் கை வைக்காதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இழுக்காதீர்கள். பிள்ளைகளையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். மாதக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் மீன் வளர்ப்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பிழைக்காது என்று தெரிந்த மீனை வெயிலில் எறிந்து துடிக்க விடுவது முறையன்று. ஒரு லீற்றர் நீரில் எட்டுப் பத்துத் துளி கராம்பு எண்ணெயை நன்கு குலுக்கிக் கலந்து, மீனை அதில் விட்டால் மயங்கி அமைதியாக இறக்கும். பூ அசைவு நின்ற பின்னும் கால் மணி நேரம் விட்டுப் பின் புதையுங்கள்.

குளிசை என்ற மாயை

மருந்துக்கடையில் வாங்கிய அன்ரிபயோற்றிக் குளிசையைத் தொட்டிக்குள் கொட்டும் பழக்கத்தை நான் வன்மையாக மறுக்கின்றேன். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியை அது தொடாது. அமோனியாவை அது அகற்றாது. தொட்டியைக் காக்கும் நல்ல பக்றீரியாவுக்கும் அதனால் கேடு வரலாம். பலரும் நம்பும் ரெற்றாசைக்கிளின், சுண்ணாம்பு நீரிலுள்ள கல்சியத்தோடு பிணைந்து பெருமளவு வலுவிழந்துவிடும். எமது கிணற்று நீரில் அதைக் கொட்டுவது காசைக் கொட்டுவதற்குச் சமம். அரைகுறை அளவில் மருந்தைக் கண்ட கிருமிகளோ அதற்குப் பழகிக்கொள்கின்றன. அத்தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினால் அப்பழக்கம் ஊருக்குள் பரவும். நாளை எம் பிள்ளையின் காயத்துக்கு அதே வகை மருந்து தேவைப்படும்போது அது கேட்காமற் போகலாம். அன்ரிபயோற்றிக் உண்மையில் வேண்டிய நோய்களும் உண்டு. அதனை முடிவு செய்ய வேண்டியவர் மிருக வைத்தியர்.

மலக்கைற் பச்சை என்னும் சாயமருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உணவு மீன் வளர்ப்பில் அதனைப் பல நாடுகள் தடைசெய்துள்ளன. சாப்பிடும் மீன் உள்ள தொட்டியிலோ குளத்திலோ அது சேரவே கூடாது.

குளம் எல்லோருக்கும் உரியது

நோயுற்ற மீனைக் கொல்ல மனமின்றிக் குளத்தில் விடுபவர்கள் உண்டு. இது இரக்கம் போலத் தோன்றும் பெருந்தீங்கு. 1980களின் பிற்பகுதியில் இலங்கையின் ஆறுகளிலும் நீர்நிலைகளிலும் விரால் முதலிய மீன்கள் உடல் முழுதும் புண் வைத்து இறந்தன. நீரில் பரவும் பூஞ்சணம் போன்ற ஓர் உயிரி அதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. ஒருமுறை குளத்துக்குள் நுழைந்த நோயை வெளியேற்ற எவராலும் இயலாது. தென்னமெரிக்காவிலிருந்து தொட்டி துப்புரவாக்கக் கொண்டுவரப்பட்ட டாங்க் கிளீனர் மீனும் இன்று எமது நாட்டின் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகி, நன்னீர் மீனவர்களின் வலைகளைக் கெடுத்து வருகின்றது. சொந்தக் காணி இல்லாதவருக்கும் குளத்து மீன் கறியாகின்றது. அதைக் கெடுக்க எவருக்கும் உரிமையில்லை. இறந்த மீனைப் புதையுங்கள். நோய்த் தொட்டித் தண்ணீரைக் குளத்துக்கும் கிணற்றுக்கும் தொலைவில், காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். உப்பிட்ட நீரைப் பயிருக்கு விடாதீர்கள்.

கொடுப்போருக்கும் பெறுவோருக்கும்

வாழ்வாதார உதவி வழங்கும் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். நூறு மீன் கொடுப்பதற்குப் பதில் நாற்பது கொடுங்கள். மிகுதிப் பணத்தில் ஐந்து குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர்ச் சோதனைப் பெட்டியும், ஒரு நாள் செய்முறைப் பயிற்சியும் கொடுங்கள். தொட்டி பழகிய பின் மீனை இரண்டு தவணையாகக் கொடுங்கள். படம் எடுக்கும் நாளில் தொட்டி நிறைய மீன் தெரிய வேண்டும் என்ற ஆசையே பல தொட்டிகளை வெறுமையாக்குகின்றது. ஏற்கெனவே எல்லாம் இழந்த குடும்பத்துக்கு இந்த இழப்பும் தன் கைராசியின் குற்றமாகவே தோன்றும். குற்றம் திட்டத்தில் இருக்கும்போது அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றுவது நீதியன்று.

பெறும் குடும்பங்களும் கேட்கப் பழக வேண்டும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் விரிவாக்க உத்தியோகத்தரையும் அரச மிருக வைத்திய அலுவலகத்தையும் அணுகுவது எமது உரிமை. போகும்போது வாடிய மீன் ஒன்றை உயிரோடு, தொட்டித் தண்ணீர் ஒரு போத்தலை வேறாக எடுத்துச் செல்லுங்கள். செத்து நாறிய மீனைப் பார்த்து எவராலும் நோய் சொல்ல முடியாது.

நோய் வருமுன் காக்கும் வழி ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். புதிதாக வாங்கிய மீனை மூன்று வாரம் வேறு பேசினில் வைத்துப் பாருங்கள். அதற்கு வேறு வலை பாவியுங்கள். வலையை ஒவ்வொரு முறையும் வெயிலில் நன்கு காயவிடுங்கள். ஒரு கொப்பியில் தண்ணீர் மாற்றிய நாள், புது மீன் விட்ட நாள், இறந்த மீன், கண்ட அடையாளம் ஆகியவற்றைப் பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதி வையுங்கள். நான்கைந்து வீட்டுக் கொப்பிகளை மாதமொருமுறை சேர்த்து வைத்துப் பார்த்தால், எந்தக் கடை மீனோடு நோய் வருகின்றது, எந்தக் கிணற்று நீரில் மீன் வாழ்கின்றது என்பது உங்களுக்கே தெரியவரும். அந்த அறிவை யாரும் நிவாரணமாகத் தர முடியாது. இன்னொரு முறை இடம்பெயர நேர்ந்தாலும் அது உங்களோடு வரும்.